கீரையை நிறுத்திய பிறகுதான் ஈறில் ரத்தம் வந்தது: வால்வு மாத்திரை சாப்பிடும் அம்மாவைப் பற்றி ஒரு மகளின் கடிதம்

காவிரி டெல்டாவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 58 வயது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 11 வருடங்களுக்கு முன் மெக்கானிக்கல் (உலோக) வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை 3 மில்லிகிராம். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) பார்ப்பார்கள், 2.8, 3.1 என்று ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முன் அம்மா ரொம்பக் களைப்பாக இருக்கிறார் என்று ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9. மகள் தினமும் காலையில் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த ஐ.என்.ஆர். 1.6. சூப் விஷயத்தை டாக்டர் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. மாத்திரை 4 மில்லிகிராம் ஆனது. அதற்குள் பக்கத்து வீட்டில், "வால்வு வெச்சவங்க கீரையே தொடக் கூடாதே" என்று சொல்ல, பயந்துபோய் சூப்பை மட்டுமல்ல, வீட்டில் எல்லாக் கீரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழித்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, கூடவே முட்டி வலி. மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு சின்ன காகிதக் கவரில் ஸ்ட்ரிப்பிலிருந்து வெட்டிய மாத்திரைகள், "இது வயித்துக்கு, மூணு வேளை. இது முட்டி வலிக்கு, ரெண்டு வேளை" என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை, முழங்கையில் பெரிய நீலத் திட்டு, ஐ.என்.ஆர். 6.8. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து மாத்திரையை நிறுத்தி, மறுபடி 3 மில்லிகிராமில் ஆரம்பித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கேட்பது: "நான் கீரை கொடுத்ததால்தான் அம்மாவுக்கு ரத்தம் கசிந்ததா? இனிமேல் கீரையே கூடாதா? இது எலி மருந்து என்று அம்மா எங்கேயோ கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அழுகிறார். தம்பி, சாப்பாட்டுக் கட்டுப்பாடே இல்லாத புது மாத்திரை வந்திருக்கிறது, அதற்கு மாற்றலாம் என்கிறான். முட்டி வலிக்கு என்னதான் கொடுப்பது?" கடைசியில், போகிற போக்கில், "நானும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், குறையவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு வரி.

சகோதரி, முதலில் உங்கள் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கி வைக்கிறேன். உங்கள் கீரையால் அம்மாவுக்கு ரத்தம் கசியவில்லை. கீரை செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நம் கல்லீரல் ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களைத் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமின் பச்சை இலைகளில்தான் அதிகம். ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே-யை உடம்பு தூக்கி எறிவதில்லை, புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறது. அசிட்ரோம் அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால் உறைதல் மெதுவாகிறது, உலோக வால்வின் மேல் ரத்தக்கட்டி படியாமல் இருக்கிறது. "ரத்தத்தை மெலிசாக்கும் மாத்திரை" என்று டாக்டர்கள் நாங்களே பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் ரத்தம் தண்ணீராக ஆவதில்லை, உறைய எடுக்கும் நேரம்தான் கூடுகிறது. அந்த நேரத்தை அளக்கும் எண்தான் ஐ.என்.ஆர். மாத்திரை இல்லாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருப்பவருக்குப் பொதுவாக 2.5-இலிருந்து 3.5-க்குள் வைக்கப் பார்ப்போம்.

டெல்டாக்காரர் நீங்கள், வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பார்த்துத்தானே மடையை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வீர்கள்? மாத்திரை அளவும் அப்படித்தான், அம்மா வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டில் வரும் வைட்டமின் கே-க்குத் தகுந்தபடி டாக்டர் வைத்த திறப்பு அது. 11 வருடம் வாரத்தில் ஓரிரு நாள் கீரையோடு 3 மில்லிகிராம் சரியாக இருந்தது. தினமும் முருங்கைக்கீரை சூப் வந்ததும் மாத்திரையின் பலம் அடிபட்டு 1.6-க்கு இறங்கியது. சரி, மாத்திரையைக் கூட்டினார்கள். அந்தக் கூடுதல் மாத்திரை சூப்புக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் சூப்பை நிறுத்திவிட்டீர்கள், மாத்திரை 4-இலேயே நின்றது. எண் ஏற ஆரம்பித்தது அங்கேதான்.

அதன் மேல்தான் அந்தக் காகிதக் கவர் வந்து சேர்ந்தது.

கவரில் இருந்தது என்ன

நீங்கள் பிறகு கடையில் போய் விசாரித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த வேலைக்கு உங்களைப் பாராட்ட வேண்டும். வயிற்றுக்குக் கொடுத்தது மெட்ரோநிடசோல் 400. முட்டிக்குக் கொடுத்தது அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. இரண்டும் தினமும் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற சாதாரண மாத்திரைகள்தான், அம்மா சாப்பிடும் மாத்திரையோடு சேரும்போதுதான் ஆபத்து.

மெட்ரோநிடசோல், அசிட்ரோமை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. அம்மா விழுங்கியது 4 மில்லிகிராம்தான், உடம்புக்குள் வேலை செய்தது அதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கில் சாப்பாடும் சரியாக இறங்கியிருக்காது, அதனாலும் எண் ஏறும். முட்டி வலி மாத்திரை வேறு வழியில் கெடுதல் செய்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது, வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. ஐ.என்.ஆர். எண்ணில் இது பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம், அதனால்தான் எண் நன்றாக இருக்கிறதே என்று நம்பி வலி மாத்திரை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். கூடிய மாத்திரை, நின்றுபோன கீரை, வயிற்று மாத்திரை, வலி மாத்திரை, நான்கும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன. ஈறோடு போனது நல்ல காலம்.

இந்த இரண்டு மாத்திரைகளும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத வெட்டு மாத்திரையை வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை. பெயர் தெரிகிற மாதிரி ஸ்ட்ரிப் கேளுங்கள், பில் கேளுங்கள். "அம்மா வால்வு மாத்திரை சாப்பிடுகிறார், அசிட்ரோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் தயங்கி, "டாக்டரைக் கேட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லும் கடைக்காரர் நல்லவர், அவரிடமே வாடிக்கையாக வாங்குங்கள்.

கீரை சாப்பிடலாமா

சாப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. அளவு மட்டும் மாறக் கூடாது. ஒரு கரண்டி கீரை மசியல் என்றால் எப்போதும் ஒரு கரண்டி. ஆட்டம் போடுவதுதான் ஆகாது, ஒரு மாதம் தினமும், அடுத்த மாதம் சுத்தமாக இல்லை என்பது. கீரையே சேர்க்காதவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பில் வைட்டமின் கே கையிருப்பு குறைவாக இருப்பதால், ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கே எண் சட்டென்று மாறிவிடும். கொஞ்சம் ஒரே சீராகக் கீரை சாப்பிடுகிறவர்களுக்கு எண் நிலையாக நிற்பதைப் பார்க்கிறோம்.

முருங்கை, அரைக்கீரை, அகத்தி, பாலக், கொத்தமல்லித் துவையல் எல்லாமே கரும்பச்சை இலைகள், இவற்றில் அதிகம். முட்டைக்கோஸ், பிராக்கோலியையும் கணக்கில் சேருங்கள். முருங்கைக்காய் வேறு, முருங்கைக்கீரை வேறு. காயைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதம், பருப்பு, வாழைப்பழம், தக்காளி, கிழங்குகள் இவற்றால் தொல்லை இல்லை. துவாதசிக்கு ஒருநாள் அகத்திக்கீரை சாப்பிட்டதற்காக யாரும் பயப்பட வேண்டாம். புரட்டாசி முழுக்க அசைவத்தை நிறுத்தி அந்த இடத்தில் கீரையும் கோஸுமாக நிரப்புகிற வீடுகளுக்குத்தான் சொல்கிறேன், அந்த மாதம் ஒரு ஐ.என்.ஆர். கூடுதலாகப் பாருங்கள். விரதம், காய்ச்சல், வாந்தி என்று சாப்பாடு குறைந்த நாட்களுக்கும் இதுவேதான்.

பூண்டு, மஞ்சள், இஞ்சி, வெந்தயம் எல்லாம் குழம்பில் போடும் அளவுக்குப் பிரச்சினையில்லை. அதையே கேப்சூலாகவும், சூரணமாகவும், வெறும் வயிற்றில் பத்துப் பல் பூண்டாகவும் சாப்பிடுவது மருந்தாகிவிடும். அம்மாவுக்கு அது வேண்டாம். சித்த, ஆயுர்வேத மருந்து எதையாவது ஆரம்பிக்க நினைத்தால் அதன் பெயரோடு இதய டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். சத்து மாவு டப்பா, மல்டிவைட்டமின் மாத்திரை வாங்கினால் பின்பக்கம் திருப்பி வைட்டமின் கே இருக்கிறதா என்று படியுங்கள், சிலவற்றில் இருக்கும்.

இப்போது கீரையை மறுபடி ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. டாக்டரிடம், "வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள். அந்த எண்ணை வைத்து அவர் மாத்திரையைச் சரிசெய்வார்.

ஹீமோகுளோபின் 9 ஏன் ஆனது?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். எல்லோரும் அதை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள், ஏன் இறங்கியது என்று யாரும் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ மூலத்திலோ சொட்டுச் சொட்டாகக் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வின் ஓரத்தில் சிறு கசிவு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பணுக்கள் அடிபட்டு உடைந்தும் ரத்தம் குறையலாம், அதற்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் தெரியும். அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து, கூச்சப்படாமல் கேளுங்கள்: மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா, ரத்தம் தெரிகிறதா, முட்டிக்கு இதற்கு முன்னாலும் யாருக்கும் சொல்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டாரா. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அது போடுகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) இந்த வாரமே இதய டாக்டரிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது, மாற்றுவது

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. எலி மருந்து என்று அவர் கேட்டது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த பசுவையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த கார்ல் பால் லிங்க் குழுவினர் தீவனத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது, அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அசிட்ரோம் அதே குடும்பத்து மாத்திரை. அளவில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காகத்தானே மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம்.

அம்மாவே கேட்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் படுத்தால் அவர் நெஞ்சிலிருந்து கடிகாரம் மாதிரி சின்ன 'டிக் டிக்' கேட்கிறதல்லவா, அந்த வால்வு அப்படிப் பளிச்சென்று மூடித் திறக்க இந்த மாத்திரைதான் காவல். சொந்தமாக நிறுத்தினால் வால்வில் கட்டி படியலாம், அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தச் சத்தம் மழுங்கினாலோ கேட்காமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

தம்பி சொல்லும் புது மாத்திரைகள் உண்மைதான், கீரைக் கட்டுப்பாடு இல்லை, மாதாமாதம் ஐ.என்.ஆர். இல்லை. அவருக்குத் தெரிந்த யாராவது அதைச் சாப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பதற்காக இருக்கும். உலோக வால்வுக்கு அவை ஆகாது. டபிகட்ரான் என்ற மாத்திரையை உலோக வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2013-இல் வெளியானது. பிறகு அபிக்ஸபானை வைத்து ஒருவகை உலோக வால்வில் செய்த ஆய்வையும் கட்டி அதிகம் என்று நிறுத்த வேண்டியதாயிற்று. தம்பி அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

முட்டி வலிக்கு

பாராசிட்டமால் 500, வலி தாங்க முடியாத நாளில் மட்டும், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரையைத் தாண்டாமல். அதுவும் தொடர்ந்து நான்கைந்து நாள் போனால் ஐ.என்.ஆரை ஏற்றும், அப்போது ஒருமுறை அதைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், இவையெல்லாம் வேண்டாம். வலி நிவாரணத் தைலம் கொஞ்சமாகத் தடவினால் சரி, காலையும் மாலையும் கால் முழுக்கச் சூடு பறக்கத் தேய்ப்பது வேண்டாம், சிலவற்றில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். இடுப்பில் ஊசி போட்டால்தான் வலி போகும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அம்மாவுக்கு அதையும் தவிருங்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, சுடுதண்ணீர் ஒத்தடம், இந்தியக் கழிப்பறையில் குந்துவதைத் தவிர்ப்பது, இவை மெதுவாக வேலை செய்யும், ஆனால் எதோடும் மோதாது.

புது மருந்து எது வந்தாலும்

வயிற்று மாத்திரையோடு நிற்காது இந்தப் பட்டியல். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்கூட, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக், இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன், இவை எண்ணை ஏற்றுகின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் இறக்குகின்றன. ரிஃபாம்பிசினை முடிக்கும்போது இன்னும் கவனம் தேவை, இறக்கி வைத்திருந்த கை விலகியதும் எண் ஏறிவிடும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிதாக ஒரு மருந்து சேர்ந்தாலும், பழைய ஒன்று நின்றாலும், மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் ஐ.என்.ஆர். பாருங்கள், அடுத்து எப்போது பார்ப்பது என்று டாக்டரைக் கேளுங்கள்.

மாத்திரையை ஒரே நேரத்தில் கொடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம், மறுநாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும், கருப்பு மலம், சிவப்புச் சிறுநீர், திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, மூச்சு வாங்குதல் என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் தைராய்டு

போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியை நான் விடுவதாக இல்லை. காலையில் காபியோடு தைராக்சின் மாத்திரையை விழுங்கி, டிபன் முடிந்ததும் கால்சியம் மாத்திரை போடுவதாக வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நடந்ததேதான் உங்களுக்கும் நடக்கிறது. காபியும் கால்சியமும் தைராக்சினை உடம்பில் சேர விடாமல் தடுக்கின்றன, டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் எண்) இறங்கவில்லை, அதனால் மாத்திரை அளவு 50, 75, 100 என்று ஏறிக்கொண்டே போகிறது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியமும் இரும்புச்சத்தும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், காபியை நகர்த்திய பிறகு அந்த 100 உங்களுக்கு அதிகமாகிப் படபடப்பு வரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரிசெய்வார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, ஐ.என்.ஆர். எண், மாத்திரை அளவு, அந்த வாரம் சாப்பாட்டிலோ மருந்திலோ புதிதாக என்ன, என்ன நின்றது, இவ்வளவுதான். முதல் பக்கத்தில் கடந்த மூன்று மாதத்தை நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே எழுதிவிடுங்கள், சூப், பக்கத்து வீட்டார் சொன்னது, காகிதக் கவர் எல்லாம். அடுத்த ஓ.பி.யில் டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பார், அதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.